கரெனாஜ் துறையில் கடைசி ரொட்டி

வாழ்க ஆல்பன்! கரியக்கூ தீவுக் குழாய்வினைஞர் குலத்திலகம், அடைத்த சாக்கடைகளுக்கு அந்தகன், பெயர் கேட்ட மாத்திரத்தில் கசிவுகள் தாமே அடங்கும் பேராற்றலான், மனைவி எர்மின் ஒரு புருவம் தூக்கினால் மட்டும் வாலைச் சுருட்டும் ஆல்பன் வாழ்க! உப்புக்காற்றே, டீசல் மணமே, கடற்காக்கைகளே, அவன் போரைப் பாட என் நாவில் வந்து குந்துங்கள். உங்களுக்கும் வேறு வேலை இல்லை.

என்றோ ஓர் எரிமலை கக்கி ஓய்ந்து, அதன் வாய்க்குள் கடல் புகுந்து, மலைகள் குதிரைலாடமாய் வளைந்து காவல் நிற்கும் செயின்ட் ஜார்ஜஸ் நகரின் கரெனாஜ் துறை. பழம்பெரும் பாய்க்கப்பல்கள் கரையில் ஒருக்களித்துப் படுத்து அடிவயிற்றுச் சிப்பிகளைச் சுரண்டிக்கொண்ட துறை. கொடிகள் மாறின, பீரங்கிகள் துருப்பிடித்தன, துறை மட்டும் மாறவில்லை. அத்துறைக்கு அன்று காலை ஆல்பன் தன் தீவிலிருந்து கப்பலேறி வந்தது பம்புக்கு வாஷர் வாங்க. ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியான எர்மின் வாசலில் நின்று அருளிய ஆணை வேறு.

"வெர்லின்கிட்ட கருவாட்டு ரொட்டி ஒண்ணு வாங்கிட்டு வா. சும்மா கைய வீசிட்டு வந்தே, இன்னிக்குப் படுக்கை ஆட்டுக்கொட்டில்லதான்."

வாஷர் வாங்கி முடித்த வேளையில், படகோட்டி ஒருவன் தண்ணீரிலிருந்து போர்முரசென முழங்கினான்:

"ஏய் ஆல்பன்! வெர்லின் தட்டுல ஒண்ணுதான் கிடக்கு! டீச்சர் வேற அங்கதான் போறாங்க, ஓடுறா!"

அந்தோ! லாடத்தின் மறுமுனையில், ரொட்டி விற்கும் வெர்லினின் கோடுபோட்ட குடை. அதை நோக்கி, ஊதாக் குடையே வேலாக, கைப்பையே கேடயமாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை க்ளோதில்டா நோயல் நங்கூரம் தூக்கிய கப்பலின் நிதானத்தோடு சென்றுகொண்டிருந்தார். இளநீர்க்காரனுக்கு ஒரு குட் மார்னிங், போலீஸ்காரனுக்கு ஒன்று, வலை தைப்பவனுக்கு ஒன்று, நிழலில் கிடந்த நாய்க்கும் ஒன்று. இந்த வேகத்தில் போகிறவரை வெல்ல முடியாதா என்று எண்ணி நகைத்தான் நம் வீரன். பின், வில்லினின்று விடுபட்ட கணையென, மதகுடைத்த வெள்ளமென, கயிற்றுச் சுருளைத் தாண்டி, மீன்பெட்டி மேல் ஏறி, கப்பலிறங்கிய வெள்ளைக்காரர் கூட்டத்தைப் பிளந்து, ஒரு செருப்பைக் கடலுக்குக் காணிக்கையாக்கி ஓடினான், ஓடினான், முதல்வனாய்ச் சென்று நின்றான்.

"ரொட்டி! அந்த ரொட்டி எனக்கு!"

வெர்லின் கடலைப் பார்த்தாள்.

"யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு. காத்தா இருக்கும்."

"மிஸ் வெர்லின், ரொட்டி!"

"இன்னிக்குக் காத்து ரொம்ப ஜாஸ்தி."

வணக்கம் சொல்லாமல் வாய் திறப்பவன் இந்தத் தீவுகளில் கண்ணுக்குத் தெரியமாட்டான். ஆல்பனுக்கு அது நடை பழகும் முன்பே தெரியும். ஆட்டுக்கொட்டிலின் அச்சம் அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. இடியெனத் தாக்கியது நினைவு. "குட் மா..." என்றான். மூச்சிரைப்பு மீதியை விழுங்கிற்று. இருமினான். அந்த இருமலின் இடுக்கில் எதிரியின் குரல் வெண்கல மணியாய் நுழைந்தது.

"குட் மார்னிங், வெர்லின்! முட்டிவலி எப்படிம்மா இருக்கு?"

"குட் மார்னிங், டீச்சர்! மழைக்கு முன்னாடி குத்துது, மழை வந்தப்புறமும் குத்துது. இந்தாங்க, சூடாவே இருக்கு."

போர் முடிந்தது. பொன்னிறப் பூரணச் சந்திரனாய் விளங்கிய அந்த ரொட்டியை டீச்சர் அங்கேயே கடித்தார். மென்றபடி ஆல்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க அம்மா சௌக்கியமா, தம்பி? இந்த ஓட்டத்த அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம், டீச்சர். குட் மார்னிங், டீச்சர். குட் மார்னிங், மிஸ் வெர்லின்."

வெர்லின் கைகொட்டிச் சிரித்தாள்.

"அடடே, ஆல்பனா! எப்ப வந்தே ராசா? குட் மார்னிங், குட் மார்னிங்! ரொட்டி இப்பத்தானே முடிஞ்சுது!"

சங்கென முழங்கியது கரியக்கூ கப்பல். தோற்ற வேந்தன் ஒற்றைச் செருப்போடு ஏறினான். மாலுமிக்கு, சமையற்காரனுக்கு, கூடைக்கோழிக்கு என ஒருவர் விடாமல் வணக்கம் வழங்கியபடி, அலைகள் அதிர, திசைகள் எட்டும் கேட்க, தன் தீவு திரும்பினான்.

சாயங்காலம் கதவு திறந்ததும் "குட் மார்னிங்" என்றான், எர்மின் அவன் கையைத்தான் பார்த்தாள்.