பிஸ்தாஷ் பிடித்த விரதம்

பச்சோந்தி பச்சையாக இல்லை. வாமதேவன் கூண்டுத் துணியை விலக்கியபோது அது கறுத்துப்போய்க் கொப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. மற்றக் கண் பார்த்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மகள் சுபாங்கி விடுமுறைக்கு லண்டன் சித்தி வீட்டுக்குப் போய் மூன்று நாள். போகும்போதே எச்சரித்திருந்தாள்.

"அப்பா, போன வருசம் என்ரை மீன் ரெண்டும் செத்தது உங்களாலைதான். பிஸ்தாஷுக்கு ஏதும் நடந்தால் உங்களோடை கதைக்கவே மாட்டன்."

பதினான்கு வயது. சொன்னால் செய்வாள். அவளுடைய பெட்டியை இறக்கிக் கொடுத்த கீழ்வீட்டுக் கிறிஸ்தோப்பர்கூடச் சிரிக்கவில்லை. அவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுத் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

அவளுடைய பச்சோந்தி பிஸ்தாஷுக்கு நாளொன்றுக்கு உயிருள்ள சில்வண்டு மூன்று கொடுக்க வேண்டும். ஆனால் சுபாங்கி போன அன்றே கந்தசஷ்டி தொடங்கிவிட்டது.

"முருகனுக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு ஒரு உயிரைக் கொல்லக் குடுக்கிறதோ? ஆறு நாளும் அந்தச் சில்வண்டுப் பெட்டி திறக்கப்படாது" என்று மனைவி நாகேஸ்வரி சட்டம் போட்டாள்.

"அப்ப அது என்னத்தைத் தின்னுறது?"

"வாழைப்பழம் குடுங்கோ."

பிஸ்தாஷ் ஒரு கண்ணால் வாழைப்பழத்தையும் மறு கண்ணால் நாகேஸ்வரியையும் பார்த்தது. இரண்டும் அதற்குப் பிடித்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில், நாகேஸ்வரி குளிக்கும் நேரம் பார்த்து, "முருகா, பொறுத்துக்கொள்" என்று கண்ணை மூடியபடி வாமதேவன் மூன்று சில்வண்டை உள்ளே விட்டுவந்தார். அப்படியிருந்தும் இன்று கறுத்துவிட்டதே! மூன்று போதவில்லை என்று முடிவுகட்டி ஐந்தாக்கினார்.

நான்காம் நாள் பிஸ்தாஷின் கழுத்து வீங்கிவிட்டது. நாகேஸ்வரி அதன் நெற்றியில் திருநீறு பூசினாள். நெற்றி எது என்று கண்டுபிடிக்கவே நேரமெடுத்தது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஐம்பது இருந்த சில்வண்டுப் பெட்டியில் பத்துத்தான் மிச்சம். மற்றதெல்லாம் வீட்டுக்குள் ஓடிவிட்டதோ? வாமதேவன் சோபாவுக்குக் கீழே, அரிசி வாளிக்குள், சாமிப்படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினார்.

"என்ன தேடுறியள்?"

"வீட்டுத் திறப்பு" என்று சாவி தேடுவதுபோல் பாவனை செய்தார்.

வழக்கமாகத் துருவித் துருவிக் கேட்பவள் அன்று விளக்குத் துடைக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் லா ஷப்பல் கடை வேலைக்கிடையே செல்லப்பிராணிக் கடைக்கு ஓடிப்போய் இன்னொரு சில்வண்டுப் பெட்டி வாங்கி, ஜக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு அப்படியே கோயில் பூசைக்கும் போனார். தேவாரத்தின் நடுவே அவருடைய நெஞ்சு 'கிரீக் கிரீக்' என்றது. பக்கத்தில் நின்றவர் இரக்கத்தோடு, "அண்ணை, நெஞ்சுக்கை மெஷின் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார்.

திரும்பி வந்தபோது வீட்டுப் படியில் கிறிஸ்தோப்பர் எதிர்ப்பட்டார். "என்னா முசியே, விரதம் நல்லா போகுதா?"

"ஓம், ஓம்" என்று ஜக்கெட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் பிஸ்தாஷ் கொப்பிலிருந்து பொத்தென்று விழுந்தது. நாகேஸ்வரி அழுதேவிட்டாள். "பிள்ளைக்கு என்னப்பா சொல்லுறது?"

சப்பாத்துப் பெட்டியில் சால்வை விரித்து, அதில் கிடத்தி, சென் தெனியிலுள்ள மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். மகள் கதைக்காத வீட்டை நினைக்கவே வாமதேவனுக்குப் பயமாக இருந்தது.

வைத்தியர் இளம்பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"இது சாகாது. அளவுக்கு மிஞ்சித் தின்றிருக்கிறது. நாளுக்குப் பத்துக்கு மேல் யார் கொடுத்தது?"

"பத்தோ? நான் அஞ்சுதானே..." என்று தொடங்கிய வாமதேவன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெடிக்கப்போகிறாள் என்று திரும்பினால், நாகேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீருமோ?"

"பின்னேரம் விளக்கு வைச்சிட்டு... மூண்டே மூண்டுதான். அது பாவமாப் பாத்திச்சுது."

வைத்தியர் மருந்து எழுதவில்லை. நாலு நாள் பிஸ்தாஷ் பட்டினி கிடக்க வேண்டும் என்றார். வீட்டிலேயே உண்மையான விரதம் அதுதான்.

வரும் வழியெல்லாம் வாமதேவன் கூட்டிப் பார்த்தார். ஐந்தும் மூன்றும் எட்டு. பத்துக்கு மேல் எப்படி வந்தது?

படியேறும் சத்தம் கேட்டுக் கிறிஸ்தோப்பர் கதவைத் திறந்தார். கையில் அவர்கள் வீட்டுச் சாவி இருந்தது.

"அப்பாடா, இங்கதான் இருக்குதா! இன்னிக்குத் தாமதமா இப்பப் போய்ப் பார்த்தா கூண்டு காலி, பயந்தே போயிட்டேன். அப்பா அம்மா விரதம், பூச்சியத் தொடவே மாட்டாங்கன்னு பொண்ணு சாவியக் குடுத்துட்டுப் போச்சு, நான்தான் தினம் மத்தியானம் வீட்டுல யாரும் இல்லாதப்ப அஞ்சு போட்டுட்டு வர்றேன்!"