கடைசியாகப் பார்த்தது 412 நாட்களுக்கு முன்

வாரிண்டா,
ஜூன் 3, சனிக்கிழமை

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் நாய் பிஸ்கட்டும் சௌக்கியம். முட்டிவலி போன கடிதத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. டார்வினில் நீயும் உன் ஆஸ்பத்திரியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே தெற்கில் ஜூன் குளிர் வந்துவிட்டது, குளிர்காய விறகடுப்பைப் பற்றவைக்கத் தொடங்கிவிட்டேன். வடக்கே அந்த வெயிலில் உனக்குக் குளிர் என்ற ஒன்று இருப்பதே மறந்து போயிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். "அப்பா, வீடியோவில பேசிக்கிட்டிருக்கும்போதே உங்க மூஞ்சி வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுடுது, பார்க்கச் சகிக்கல, அந்த இன்டர்நெட் கம்பெனியைத் தலைமுழுகிட்டு வேற போடுங்க" என்று மூன்று முறை எழுதிவிட்டாய். சரி, முப்பத்தெட்டு வருஷம் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போட்டவனுக்கு ஒரு போன் போடுவது என்ன பெரிய காரியம் என்று செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பியானோ வாசித்துக் காட்டினார்கள். பிறகு மரிசெல் என்று ஒரு பெண் வந்து, "லின்ட்சே, எங்களை விட்டுப் போறீங்களே, நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று அழாக்குறையாகக் கேட்டாள். என்னை விட்டுப் போனவர்களிடம் நான் ஒரு தடவையாவது இப்படிக் கேட்டிருக்கிறேனா? நான் யோசிப்பதை வைத்து, பாதி மனசு மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "இன்டர்நெட் பெட்டியில ஏதாவது கோளாறா இருக்கும், ஒரு மணி நேரம் பிளக்கைப் பிடுங்கி வைங்க, ஆளை அனுப்பறேன்" என்றாள். பிடுங்கி வைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நம் தெருவே நம் இணைப்பில்தான் ஓடுகிறது என்பது உனக்குத் தெரியும். நீதானே ஒன்பதாம் நம்பர் கிளெனிஸின் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அடியில் அவள் பேர் எழுதி ஒட்டியிருந்த டேப்புக்குப் பக்கத்தில் இன்னொரு டேப் ஒட்டி நம் பாஸ்வேர்டை எழுதிவைத்தாய்? அந்தப் பாத்திரம் போகாத வீடு இந்தத் தெருவில் இல்லை. நான் பிளக்கைப் பிடுங்கியதும் ஆறு வீட்டில் டிவி நின்றது. லின்ட்சே வீட்டு நெட் போய்விட்டதென்றால் லின்ட்சேயே போய்விட்டான் என்று கிளெனிஸ் முடிவு கட்டிவிட்டாள். மணி பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தால் வாசலில் மூன்று பேர், துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருவதுபோல் கையில் மூன்று சூடான பாத்திரம், பின்னால் எதிர்வீட்டு டிரெவர் கறுப்பு டை கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நீ உயிரோடவா இருக்கே?" என்றாள் கிளெனிஸ். குரலில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் தூக்கலாக இருந்தது.

"இருக்கேன். ஏன்?"

"ரெண்டு கிலோ ஆட்டுக்கறி போட்டிருக்கேன் இதுல!"

"செத்திருந்தா யாருக்கு ஊட்டறதா உத்தேசம்?"

"ரோவீனா வருவாள்ல. அவளுக்கு."

நான் செத்தால் நீ வருவாய் என்று தெருவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. உயிரோடு இருப்பதால் மீன் போட்ட மக்ரோனியை நான்கு நாளாகத் தனியாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

மதியம் ஜரோட் என்று ஒரு தாடிக்கார டெக்னீஷியன் வந்தான். மூன்று பாத்திரத்திலிருந்தும் தாராளமாகப் போட்டுக்கொண்டான். பெட்டியில் கோளாறு இல்லை, தெருவே ஏறி உட்கார்ந்தால் எது தாங்கும் என்று சொல்லி, என் போனில் எதையோ இறக்கி, பெட்டியில் இதுவரை ஒட்டியவற்றின் பட்டியலைக் காட்டினான். கிளெனிஸின் டிவி, டிரெவரின் போன், டிரெவரின் இன்னொரு போன் (அதைப் பற்றி அவன் மனைவியிடம் நான் மூச்சுவிட மாட்டேன்). எல்லாவற்றுக்கும் கடைசியில், சாம்பல் நிறத்தில் ஒரு வரி: "ரோவீனாவின் போன். கடைசியாகப் பார்த்தது 408 நாட்களுக்கு முன்."

"இது ஏதோ பழசு, அழிச்சிடட்டுமா?" என்றான் ஜரோட்.

"கை வைக்காதே!" என்று கத்திவிட்டேன். அவன் கையிலிருந்த முள்கரண்டி கீழே விழுந்தது. நம் இணைப்புக்கு நீ வைத்த பெயரே "அப்பா கை வைக்காதே" என்பதுதான் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

கம்பெனியை மாற்றினால் பெட்டி போய்விடும், பெட்டியோடு அந்தப் பட்டியலும் போய்விடும் என்றான். அன்றிலிருந்து தினம் காலையில் அந்த வரியைப் பார்க்கிறேன். இன்று 412. போன வருஷம் ஈஸ்டருக்கு வந்தாய், வராந்தாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். வார்டில் ஆள் இல்லை, நீதான் இங்கிருந்தே ஆள் பிடித்துக்கொண்டிருந்தாய் என்று அப்போது எனக்குத் தெரியாது. "போனைப் பார்க்கத்தான் வந்தேன்னா டார்வின்லயே உக்காந்து பார்த்திருக்கலாமே" என்றேன். திங்கட்கிழமை போக வேண்டியவள் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டாய். நான் மட்டும்தான் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே நான் மாற்றப் போவதில்லை. மரிசெலிடமும் சொல்லிவிட்டேன். "எங்க சேவை பிடிச்சிருக்கா லின்ட்சே?" என்று பூரித்துப் போனாள். "சேவை மகா மட்டம். அதுல ஒரு வரி பிடிச்சிருக்கு" என்றேன். என் முகம் நின்றுபோனால் போகட்டும். உன் முகமும் இங்கே நின்றுபோகிறது. அந்த நேரத்தில்தான் உன்னை நிதானமாகப் பார்த்துக்கொள்ள முடிகிறது. இனி இது விஷயமாக எனக்கு எழுதாதே. இதுவே முடிவு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இரவு ஷிப்ட் முடிந்து தூக்கத்தோடு கார் ஓட்டாதே. உனக்கு ஒரு குறையும் வராது. பிஸ்கட் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
அப்பா லின்ட்சே

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பாத்திரத்தைக் கேட்டு வந்த கிளெனிஸ், மேஜைமேல் கிடந்த இதை முழுக்கப் படித்துவிட்டு, "அட மக்கு, புதுப் பெட்டிக்கும் அதே பேரையும் அதே பாஸ்வேர்டையும் வெச்சா அவ போன் தன்னால ஒட்டிக்கும். இதுக்குப் போயா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே?" என்றாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. கம்பெனியை மாற்றிவிட்டேன். நேற்று புதுப் பெட்டி வந்தது, ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்க வந்து ஒட்டிக்கொண்டது, டிரெவரின் இரண்டு போனும் சேர்த்து. புதுப் பட்டியலில் உன் பெயர் மட்டும் இல்லை. சாம்பல் நிறத்தில்கூட இல்லை. கையால் எழுதிச் சேர்க்க முடியுமா என்று ஜரோட்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். முடியாதாம், அந்தப் போன் நம் கேட் வரைக்குமாவது வந்தே ஆக வேண்டுமாம். ஈஸ்டரன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், மகளே. வா. வந்து நாள் முழுக்கப் போனையே பார்.