கண்ணு கிளம்பிருச்சுங்க

கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்குப் புயல் என்றால் பயம். உங்களுக்கும் எனக்கும் அது டி.வி.யில் வரும் செய்தி. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம் ஊரில் பெருகி வருகிறது. அதற்குப் புயல்தாசர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கடல் இருக்கும் திசைக்கே இவர் போனதில்லை. ஆனால் வங்கக் கடலில் எங்கே எத்தனை டிகிரி சூடு என்று கேட்டுப் பாருங்கள், சொந்த வீட்டுக் குழம்பில் உப்பு இருக்கிறதா என்பதைவிட நிச்சயமாகச் சொல்வார்.

சிங்காநல்லூர் சுந்தரராஜுலுவை எடுத்துக்கொள்வோம். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயில் கொளுத்தும் சித்திரையிலும் குடையோடுதான் நடப்பார். மொட்டை மாடியில் தண்ணீர் பாட்டிலை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, மழை அளக்க வைத்திருக்கிறார். அதில் இதுவரை அதிகமாக விழுந்தது காக்கை எச்சம். காலையில் சாமி கும்பிடும்போது "ஆருக்கும் ஒரு சேதமும் வரக்கூடாது" என்று மனதார வேண்டிக்கொள்வார். கற்பூரம் அணைவதற்குள் "ஆனா, புயல் மட்டும் கொஞ்சம் பலமா இருக்கட்டும் சாமி" என்று சேர்த்துக்கொள்வார். மனுஷனுக்கு ஆசை இருக்கக்கூடாதா?

பத்து வருஷமாக வானிலை வாட்ஸப் குழுவில் கணிப்பு சொல்கிறார். ஒன்றுகூடப் பலித்ததில்லை. இவர் ஆரஞ்சு அலர்ட் கொடுத்த அன்றைக்குப் பார்த்துத்தான் சிங்காநல்லூரில் எல்லோரும் போர்வை துவைத்துக் காயப்போடுவார்கள். குழுவில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தத் தடவை தப்பிப்போச்சுன்னா குழுவை விட்டே போயிடறனுங்க" என்று எழுதிவிட்டார். அந்தக் குழு இல்லாமல் அவருக்கு விடியாது, பாவம்.

இந்தத் தடவை வந்தது சாதாரணப் புயல் இல்லை. சாட்டிலைட் படத்தில் நட்ட நடுவே வட்டமாக, அச்சாகப் புயலின் கண் திறந்திருந்தது. காரைக்கால் பக்கம் விடியற்காலையில் கரையைக் கடந்தது. ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நின்று, போனை வாய்க்கு நேராகப் பிடித்து, உணர்ச்சி பொங்கக் குழுவுக்குப் பேசினார்:

"கண்ணு கிளம்பிருச்சுங்க! சுத்தியிருக்கிறவங்க ஆருக்கும் நிம்மதியில்லீங்க, கண்ணு மட்டும் கம்முனு இருக்குது. திருச்சி, கரூர், காங்கேயம் வழியா வருது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்மூட்டுல வந்து நிக்கும். ஆரும் தடுக்க முடியாதுங்க!"

காப்பியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த மனைவி வரலட்சுமி கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். அந்த வீட்டில் கண்ணு என்றால் ஒரே ஆள்தான். திருச்சியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் பிரீத்திகா.

"ஏனுங்க... எதுக்குங்க திடீர்னு கிளம்புச்சு?"

மனைவி புயலைப் பற்றிக் கேட்பது முப்பத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சுந்தரராஜுலு நெகிழ்ந்துபோனார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் விளக்கினார்.

"இருந்த எடத்துல சூடு சாஸ்தியாயிருச்சு அம்மணி. எத்தன நாளைக்குத்தான் அங்கயே சுத்தீட்டிருக்கும்?"

"தனியாவா வருது?"

"இப்போதைக்குத் தனியாத்தான். ஆனா இன்னொண்ணு உருவாயிருக்குது. ரொம்பச் சின்னது. இன்னும் பேர் வெக்கல."

வரலட்சுமி காப்பியைத் திண்டின் மேல் வைத்துவிட்டுக் கீழே ஓடினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முதலில் சத்தியமங்கலத்து அண்ணன் சீனிவாசலுவைக் கூப்பிட்டார், அடுத்து மகளைக் கூப்பிட்டார். "கண்ணு, பஸ் ஏறீட்டியா? உருவாயிருக்குதாமா, அப்பா சொன்னாரு" என்றார். "இன்னிக்கே வாரேம்மா" என்று சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் நிஜப் புயல் என்ன ஆனது? கரை ஏறிய களைப்பில் தஞ்சாவூரைத் தாண்டுவதற்குள் கண் கலைந்து, வெறும் மேகமாகி, திருச்சியில் நாலு தூறல் போட்டுவிட்டு ஓய்ந்தது. சிங்காநல்லூரில் மதியம் வெயில் பல்லைக் காட்டியது. நாலரை மணிக்குச் சுந்தரராஜுலு காலிப் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். குழுவை விட்டு விலகும் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, அஞ்சு மணி வரைக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தார்.

கீழே சீனிவாசலு, பஞ்சாயத்துப் பேசுவதற்கென்றே வெள்ளை வேட்டி கட்டி வந்து, இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் கேசரி கிளறும் மணம். சரியாக அஞ்சு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

"கண்ணு வந்துருச்சுங்க!" என்று வரலட்சுமி தெருவே கேட்கக் கத்தினார்.

சுந்தரராஜுலு அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. குனிந்து பார்த்தார். பையும் கையுமாகப் பிரீத்திகா நின்றிருந்தாள்.

"எங்கூட்டுல சண்டையுமில்ல, சாடியுமில்லீங்க மாமா" என்று சீனிவாசலுவின் வேட்டியைப் பார்த்துச் சிரித்தவள், மாடியிலிருந்து ஓடி வந்த அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, உருவாயிருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? நேத்துத்தான் டாக்டரே சொன்னாங்க. அவர்கிட்டத் தவிர ஆருகிட்டயும் நான் மூச்சுகூட விடலையே!"

சுந்தரராஜுலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேசரித் தட்டு கைக்கு வந்தபோது பாதி புரிந்தது. முழுதும் புரிந்ததும் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் புயல்தாசர் புயல்தாசர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல வர்ற ரெண்டு வானிலை மாடலும் அதைத்தானே கண்ணு சொல்லுச்சு" என்றார். அடுத்த நிமிஷமே குழுவில் எழுதினார்: "கணிப்பு பலித்தது. சரியாக 5.00 மணி. அடுத்தது ஆடி மாசம் கரையைக் கடக்கும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு தடவை ஜன்னல் வழியாக எட்டி வானத்தைப் பார்த்தீர்கள் இல்லையா? இருக்கட்டும், யாரிடமும் சொல்லமாட்டேன். வீட்டில் யாராவது வந்து "எப்ப வருது?" என்று கேட்டால் மட்டும், எது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள்.