கூறை உடுத்த வேலி

சேலைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடங்களாக, "இது எப்பிடி இருக்கு?" என்று என் மனைவி வசந்தி கேட்கும் ஒவ்வொரு முறையும், நிமிர்ந்து பார்க்காமலே "நல்லாயிருக்கு" என்று சொல்லித் தப்பி வந்தவன் நான்.

ஒஸ்லோவின் புருசெத்தில் பதினைந்து வருடம் மாடிக் குடியிருப்பில் இருந்துவிட்டு, சிறிய தோட்டமுள்ள ஒரு வீட்டுக்கு மாறியிருந்தோம். வீதியோரம் ஏழு துயா மரங்கள் வேலியாக நின்றன. (துயா வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம். ஒழுங்காகப் பராமரித்தால்.) நான் பஸ் ஓட்டுபவன். மரம் என்பது வீதிக்கு வெளியே நிற்க வேண்டிய ஒன்று என்பதற்கு மேல் அதைப்பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை.

முதல் குளிர்காலம் முழுவதையும் தாக்குப்பிடித்த மரங்களில் இரண்டு, மார்ச் மாத வெயிலில் கருகிப்போயின. எனக்கு விளங்கவேயில்லை. பக்கத்து வீட்டு ஆர்னே, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வந்து பார்த்துவிட்டுப் பாடமே எடுத்தார்.

"குளிர் கொல்லவில்லை, வெயில்தான் கொன்றது. வெயில் பட்டதும் இலை தண்ணீர் கேட்கிறது. நிலம் உறைந்து கிடப்பதால் வேரால் கொடுக்க முடியவில்லை. துணி கட்டி நிழல் கொடுத்திருக்க வேண்டும்."

கருகியவற்றைப் பிடுங்கிப் புதிதாக நட்டோம். "இனி ஒரு மரம் கருகினா, அந்த இடத்தில நீங்கள்தான் நிக்கவேணும்" என்றாள் வசந்தி. அவள் சும்மா சொல்கிறவள் அல்ல.

அடுத்த மார்ச்சில் வசந்தி பேர்கனில் இருக்கும் தங்கை சுகந்தியிடம் போயிருந்தாள். சுகந்தியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சனிக்கிழமை காலை நல்ல வெயில். தோட்டக் கடைக்கு ஓடினேன். நிழல் துணி முடிந்துவிட்டது. "காற்றுப் போகிற எந்தத் துணியும் போதும்" என்றாள் கடைப்பெண். உடனே வசந்திக்குப் போன் எடுத்தேன்.

"பழைய துணி ஏதும் இருக்கோ?"

"ஓம், நிலவறையில கறுப்புப் பையில கட்டி வைச்சிருக்கிறன். எடுங்கோ. இப்ப கதைக்கேலாது, மண்டபக்காரர் நிக்கினம்."

நிலவறையில் கறுப்புப் பை இருந்தது. திறந்தால், சேலைகள். கொஞ்சம் யோசித்தேன்தான். ஆனால் பெண்கள் ஒரு சேலையை இரண்டு தடவைக்கு மேல் உடுப்பதில்லை என்று எனக்கொரு கருத்து இருந்தது. (அந்தக் கருத்தை இப்போது நான் எங்கும் வெளியிடுவதில்லை.)

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சேலையாகச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். மூலையில் நின்ற மரம்தான் உயரம், வெயிலும் அதற்குத்தான் அதிகம். அதனால் பையில் இருந்ததிலேயே தடிப்பானதைத் தேடி எடுத்து அதற்குச் சுற்றினேன். கொசுவம் மட்டும் சரியாக வரவில்லை. தள்ளி நின்று பார்த்தபோது, ஏழு மாமிமார் பஸ்சுக்கு வரிசையில் நிற்பதுபோல இருந்தது. அந்த வழியால் வந்த பஸ் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஓட்டிவந்தவர் என்னோடு வேலை செய்பவர், எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனார்.

ஆர்னே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "ஏதும் பண்டிகையா?"

"இல்லை, நீங்கள் சொன்ன நிழல்."

ஏழு மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மிகவும் அழகான துணி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னேரம் மழையும் பனியும் கலந்து கொட்டியது. விடிய வானம் வெளித்து, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஆறுக்கு இறங்கியது. சேலைகள் ஏழும் கண்ணாடிபோல உறைந்து வெயிலில் மினுங்கின. மதியம் வசந்தியும் சுகந்தியும் பெட்டிகளோடு எதிரே பஸ்ஸால் இறங்கினார்கள்.

"இஞ்சரப்பா, உதென்ன?"

"நிழல்" என்றேன்.

வசந்தி மற்ற ஆறையும் பார்க்கவில்லை. நேரே மூலை மரத்துக்குப் போனாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள்.

"இது என்ர கூறை."

"அத்தான், நீங்கள் மணவறையில வைச்சுக் குடுத்த கூறை" என்று சுகந்தி விளக்கம் வேறு சொன்னாள்.

"இவளின்ர மகளின்ர கலியாணத்துக்கு முதல் கழுவக் குடுக்க எடுத்து வைச்சனான்" என்றாள் வசந்தி. "பழைய துணிப் பை அதுக்குப் பின்னால கிடந்தது."

"எனக்குத் தெரியேல்ல."

"எது தெரியேல்ல? பையோ, கூறையோ?"

"ரெண்டும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் சொல்லாமல் விட்டிருக்க வேண்டியது அதுதான்.

பதற்றத்தில் தலைப்பைப் பிடித்து இழுத்தேன். அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்டது. வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ்தான் உடைந்தது, பட்டு அல்ல. ஆனால் இன்னொரு இழுவைக்குச் சரிகை தாங்காது.

சுகந்தி முடி உலர்த்தியைக் கொண்டுவந்தாள். அந்தக் குளிரில் அது பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். அப்போது ஆர்னே, பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசும் கொட்டிலிலிருந்து ஒரு சூடேற்றியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அசல் பழைய துணிப் பையில் இருந்த படுக்கை விரிப்புகளை எடுத்து, மரத்தைச் சுற்றிக் கூடாரமாகப் பிடித்தோம். வெளியே ஆர்னேயும் சுகந்தியும். உள்ளே நானும் வசந்தியும் கூறை உடுத்த மரமும்.

"கலியாணப் படம் முன் அறையில தொங்குது" என்றாள் அவள் மெதுவாக. "ஒவ்வொரு நாளும் அதுக்குக் கீழ இருந்துதானே தேத்தண்ணி குடிக்கிறியள்."

ஒஸ்லோவில் எந்த வளைவில் எந்தப் பலகை நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் நான். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"நான் முகத்தைத்தான் பாக்கிறனான்" என்றேன்.

"உந்தக் கதை வேண்டாம். மற்ற முனையைப் பிடியுங்கோ" என்றாள். ஆனால் வாயோரம் லேசாக வளைந்ததைக் கண்டேன்.

இரண்டு மணித்தியாலத்தில் கூறை கிழியாமல் கழன்று வந்தது. தலைப்பில் துயாப் பிசின் ஒரு விரல் அகலத்துக்குப் பிடித்துவிட்டது. குறொன்லாண்டுக் கடைத்தெருவில் சேலை கழுவுபவர் அதைப் பார்த்துவிட்டு, "இது போகாது அக்கா" என்று கையை விரித்தார். மற்ற ஆறையும் கழற்றிவிட்டு, மரங்களுக்குப் பூப்போட்ட விரிப்புகளைக் கட்டினோம். ஒன்றும் கருகவில்லை.

சுகந்தியின் மகளின் கல்யாணத்தில், கூறைத் தட்டை ஆசீர்வாதத்துக்காகச் சபையில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். என் முன்னால் வந்ததும் சுகந்தி தட்டை நிறுத்திக்கொண்டாள். "அத்தான், தொட்டது போதும். நல்லாப் பாத்து, என்ன நிறமெண்டு சொல்லுங்கோ." வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தட்டு என்னிடம் நிற்கிறது, யாராவது கேட்கிறார்கள். நானும் தயாராகத்தான் போகிறேன்.

போன மாதமும் கேட்டார்கள். தட்டிலிருந்த கூறையைக் குனிந்து பார்த்தேன். "அரக்கு நிறம், மாங்காய்க் கரை, தலைப்பில மயில்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வசந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது மயிலில்லை, அன்னம்" என்று சொல்லிவிட்டு, அவள் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் நகர்த்தினாள்.