அழ ஆள் கிடைக்காத டைரக்டர்

உலகத்திலேயே அதிகத் தடவை ‘கட்’ சொன்ன டைரக்டர் எங்கள் ராயபுரத்தில்தான் இருந்தார் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். டிராம் சத்தம் போட்டால் கட். காபியில் ஈ விழுந்தால் கட். ஹார்பர் ஆபீசில் மேனேஜர் திட்ட ஆரம்பித்தால் அவருக்கும் கட். அதனால் அவர் பெயரே கட் தொரை. எனக்குப் பக்கத்து நாற்காலி, தலையெழுத்து!

ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடலோர ஜில்லாக்காரர். அந்த ஊர் பாஷையில், அந்த ஊர் மீனவர்களை வைத்தே மூன்று படம் எடுத்தவர். பக்கத்து ஜில்லாக்காரனுக்கே அந்த பாஷை புரியாதாம். சண்டையில் விழுந்த ஒரு குண்டில் மூன்று படமும் சாம்பல். அகதியாகக் கப்பலேறி வந்து ஹார்பர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது மிஞ்சியது ஒரு கேமராவும் ஒரே ஒரு பிலிம் ரோலும்தான். அதிலாவது ஒரு காட்சி எடுக்காவிட்டால், தான் டைரக்டராக இருந்ததற்கே சாட்சி இல்லை என்று புலம்புவார்.

காட்சி இதுதான்: கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, கரையில் பெண்கள் அழுகிறார்கள். அழத்தான் ஆள் இல்லை. கட்டுமரம் கடலில் இருக்கும்போது அழுவது அபசகுனம் என்று எங்கள் கரையில் எந்தப் பெண்ணும் கண்ணைக் கசக்கமாட்டாள். கரைக்கு வந்துவிட்டால் அழுவானேன்?

“லூர்தம்மா, கொஞ்சம் அய்வும்மே!” மீன் மார்க்கெட்டில் கற்ற தமிழில் கெஞ்சுவார்.

“இன்னா தொரை, பேஜார் பண்ற? உசுரோட கீறவனுக்கு எவளாச்சும் அய்வாளா?” என்பாள் மீன்காரி லூர்தம்மா.

வெங்காயம் கொடுத்துப் பார்த்தோம். அது என் யோசனை. குழம்பில் போட்டு எங்களுக்கே ஒரு கிண்ணம் அனுப்பினாள்.

கடைசியில் கேமராவை என் கையில் திணித்துவிட்டு, தொரையே மணலில் பிணமாகப் படுத்தார்.

“எய்ந்திரு தொரை! கருவாடு காயவைக்கிற எடம் இது!” என்று விரட்டினாள் லூர்தம்மா.

கரையே சிரித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. “நைனா, நான் டைரக்டரே இல்லியா?” என்று படுத்தபடியே கேட்டார். பாவி நான், கேமராவில் ஒட்டிய மணலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் நிமோனியா கண்டு போய்விட்டார். அடக்கத்தன்று ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் லூர்தம்மா மாரில் அடித்துக்கொண்டாள். “நூறு தபா கேட்டியே தொரை! ஒரு தபா அய்வலையே நானு!” அவளோடு சேர்ந்து கரைப் பெண்கள் அத்தனை பேரும் அழுதார்கள்.

கேமராவைக் கொண்டுபோயிருந்தேன். ரோல் ஈரத்தில் பூசணம் பிடித்துக் கிடந்தது. படம் விழாது என்று தெரிந்தேதான் கைப்பிடியைச் சுற்றினேன். ரோல் தீர்ந்து வெகுநேரம் ஆகியும், கட் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.