சமாதான பாரம்

1936-ம் வருஷம், பள்ளிப் பிள்ளைகளிடையே சமாதானத்தை உண்டாக்குவதென்று மேலிடத்தில் தீர்மானித்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அந்தத் திருப்பணி டிராயிங் வாத்தியார் தேசிகன் தலையில் விழுந்தது. மனுஷர் நாலு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இதை ஒழுங்காகச் செய்தால் வேலை நிரந்தரமாகும் என்றார் ஹெட்மாஸ்டர். மகள் குமுதவல்லிக்குப் பார்த்திருந்த வரன் வீட்டாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

அதிர்ஷ்டம் பாருங்கள், மறுநாளே ஒரு சண்டை கிடைத்தது! அவர் வகுப்பில் பராசரனின் பம்பரத்தை யதிராஜன் குத்திப் பிளந்துவிட்டான். இருவரும் மண்ணில் கட்டிப் புரண்டார்கள். மேலிடத்திலிருந்து வந்த அச்சடித்த சமாதான பாரத்தைத் தேசிகன் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள், பயல்கள் வேப்பமரத்தடியில் ஒரே மணப்பாறை முறுக்கைக் காக்காய்க் கடி கடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடப் பாவிகளா! யாரைக் கேட்டுடா பழம் விட்டீங்க?"

"யாரையும் கேக்கலை சார். பசிச்சுது."

"பாரத்துல பசிக்கு இடமே இல்லையேடா!"

வாஸ்தவம்தான். பாரத்தின்படி முதல் வாரம் விசாரணை, அப்புறம் தகப்பனார்களின் வாக்குமூலம், அதற்கப்புறம் புத்திமதி. மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் முன்னிலையில் கைகுலுக்கல். அதற்கு முந்தி ஏற்படும் சமாதானம் செல்லாது.

"ஆகையால் இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் விரோதிகள். தெரிஞ்சுதா?"

"பேசிக்கவும் கூடாதா சார்?" என்றான் யதிராஜன், அழமாட்டாக் குறையாக.

"மூச்!"

முதல் வாரம் பயல்கள் தனித்தனி பெஞ்சியிலிருந்து திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் தகப்பனார்கள் வந்தார்கள். பம்பரத்தில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு முந்திய சாக்கடைத் தகராறு வரைக்கும் வாக்குமூலம் கொடுத்தார்கள். வாசலில் போகும்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டும் போனார்கள். மூன்றாம் வாரம் புத்திமதி. 'உன் பரம விரோதியை மன்னித்துவிடு' என்று தினம் ஒரு மணி நேரம் தேசிகன் உபதேசித்ததில், தனக்கு ஒரு பரம விரோதி இருக்கிறான் என்பது இருவர் மனசிலும் நன்றாகப் பதிந்துபோயிற்று.

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் ஸ்தனிஸ்லாஸ் விஜயம் செய்தார்.

"எங்கே, கை குலுக்குங்கப்பா."

"அவன் கையை நான் தொடமாட்டேன்," என்றான் பராசரன்.

யதிராஜன் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டான்.

தேசிகன் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, வேலையும் போச்சு, சம்பந்தமும் போச்சு! ஆனால் இன்ஸ்பெக்டர் முகமோ மலர்ந்துவிட்டது.

"சபாஷ்! நான் போன ஸ்கூல்ல எல்லாம் பசங்க சமாதானமா இருக்காங்க. அங்கே சமாதான வாத்தியார் எதுக்கு? எடுத்துடச் சொல்லி எழுதிட்டேன். இங்கேதான்யா வேலை இருக்கு! உங்களை நிரந்தரமாக்கச் சிபாரிசு பண்றேன்."

மறுநாள் தேசிகன் முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார். ஆளுக்கு ஒரு முழு முறுக்கு கொடுத்தார். பயல்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தின்றார்கள். தேசிகன் 'போதும்டா, பழம் விட்டுக்கோங்கடா' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

சிபாரிசுதான் ஆகியிருக்கிறது, உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை என்பது ஞாபகம் வந்தது. மிச்சமிருந்த முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார்.