மூடுபனியின்மைச் சான்று

ஊட்டி மார்க்கெட்டில் ஸ்வெட்டரும் குடையும் விற்கிற ஹபீப் முகமதுவின் வீட்டுச் சமையலறை ஒரு குறையும் இல்லாமல்தான் இருந்தது. மகள் மெஹ்ரினைப் பெண் கேட்டுக் குன்னூரிலிருந்து வசதியான குடும்பம் ஒன்று வரப்போகிறது என்று சேதி வந்த அன்றுதான், அது மிகவும் பழைய சமையலறை என்று அவர் மனைவி மரியம் பீவிக்குத் தெரியவந்தது. சீசன் முடிந்து ஜூலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் எல்லாம் மாறியாக வேண்டும்.

சமையலறை வடிவமைப்பாளர் ஜாபேஸ் வரவழைக்கப்பட்டார். சிங்க் விஷயத்தை அவர் பொறுமையாக விளக்கினார். ஸ்டீல் சத்தம் போடும். நம் வீட்டில் பாத்திரம் கழுவுவது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துபோகும். வெள்ளைப் பீங்கான் அழகு, ஆனால் மஞ்சள் பட்டால் கறை போகாது. கறுப்பு குவார்ட்ஸ் கல் எல்லாவற்றிலும் உயர்ந்தது. சுடுதண்ணீர், புளி, உப்பு, கனத்த பாத்திரம் ஆகியவை மட்டும் படாமல் பார்த்துக்கொண்டால் ஆயுளுக்கும் உழைக்கும்.

"பச்சத்தண்ணி படலாமுங்களா?" என்று மரியம் பீவி கேட்டாள்.

"தாராளமா படலாமுங்க. பட்ட உடனே தொடச்சுரணும்."

குவார்ட்ஸ் தேர்வானது. பாத்திரங்களைப் பின்பக்கக் குழாயடியில் கழுவிக்கொள்வதென்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. அலமாரிகளுக்கு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் பலகைக் கதவுகள், பத்து வருட வாரண்டியோடு. பிரியாணி தேக்சா, தட்டு, தம்ளர் எல்லாம் உள்ளே போயின.

ஜூன் பிறந்தது. ஊட்டியில் மூடுபனி யாரையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவதில்லை. கதவுகள் பன் மாதிரி ஊதின. ஒரு காலையில் பார்த்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

ஹபீப் முகமது கடப்பாரையைத் தூக்கினார். ஜாபேஸ் போனிலேயே பதறினார். கம்பெனி ஆள் தவிர வேறு யார் திறந்தாலும் வாரண்டி ரத்தாம். கடப்பாரை மூலைக்குப் போனது. மரியம் பீவி இரவல் சட்டியில் சமைத்தாள். விருந்துக்கு ஊரெல்லாம் தட்டு இரவல் கேட்டால் குன்னூர்க்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே அவள் கவலை.

கோயம்புத்தூரிலிருந்து கம்பெனியின் உத்தரவாதப் பிரிவு அலுவலர் வந்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மூடுபனியால் விளையும் சேதம் வாரண்டியில் சேராது என்று அறிவித்தார். பனி காரணமில்லை என்று அரசுச் சான்று கொண்டுவந்தால் மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரைப்பாராம்.

ஹபீப் முகமது சான்றிதழ் தரும் அலுவலகத்துக்குப் போனார். அங்கேயும் பனி புகுந்திருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் பிரைட்டன் என்கிற அதிகாரி இருப்பதாகப் பெயர்ப் பலகை சொன்னது.

"எங்க தெருவுல மூடுபனி இல்லைன்னு ஒரு சான்று வேணுமுங்க."

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து பேசுங்க" என்றது குரல். "நீங்க எங்க நிக்கறீங்கன்னே தெரியல."

சாதிக்கு உண்டு, வருமானத்துக்கு உண்டு, பனிக்கு இதுவரை சான்று கொடுத்ததில்லை என்றார் பிரைட்டன். ஆனாலும் பொதுமக்கள் நலன் கருதி நேரடி ஆய்வுக்கு உத்தரவிட்டார். ஆய்வாளர் காலையெல்லாம் அந்தத் தெருவில் தடவித் தடவி நடந்தார். வீடு அகப்படவில்லை. திரும்பிப்போய் உள்ளது உள்ளபடி எழுதினார்: 'மேற்படி முகவரியில் எதுவும் கண்ணுக்குப் புலப்படவில்லை.' எதுவும் என்பதில் மூடுபனியும் அடக்கம் என்று முடிவு செய்து, பிரைட்டன் சான்றில் முத்திரை குத்தினார்.

கம்பெனியின் பதில் உடனே வந்தது. பனி இல்லை என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டபடியால், கதவு ஊதியதற்குக் காரணம் சமையலறையில் தண்ணீர் புழங்கியதே. ஆகவே வாரண்டி ரத்து.

ஹபீப் முகமது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மரியம் பீவி மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள்.

"ஏனுங்க, வாரண்டி நெசமாவே போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி அவள் கடப்பாரையை எடுத்தாள். மதியத்துக்குள் எல்லாக் கதவுகளும் முற்றத்தில் கிடந்தன. தேக்சா வெளியே வந்தது.

மறுநாளே விருந்தாளிகள் வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சமையலறைக்குள் நுழைந்தார். கதவில்லாத அலமாரிகளையும், கடப்பாரை பட்டுப் பிசிறடித்த ஓரங்களையும் வெகுநேரம் பார்த்தார். மரியம் பீவி ஒரு பிசிறை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ன மாடலுங்க?"

"இப்ப வந்ததுங்க" என்றாள் மரியம் பீவி.

"நெனச்சேன். எங்க ஊட்ல இன்னும் கதவு வெச்சதுதான் இருக்குது" என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டார். சம்பந்தம் அங்கேயே உறுதியானது.

அடுத்த மாதமே குன்னூரிலும் ஊட்டியிலும் எல்லாருக்கும் அதே சமையலறை வேண்டியிருந்தது. ஜாபேஸ் முறைப்படிதான் செய்கிறார். முதலில் கதவை மாட்டி, அது தானாக ஊதிய பிறகு கடப்பாரையால் பெயர்த்தால்தான் அந்தப் பிசிறு அசலாக வருமாம். கதவு ஊதாத வீட்டுக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. ஆகவே ஆர்டரோடு, தெருவில் போதுமான மூடுபனி உண்டு என்று ஓர் அரசுச் சான்று இணைக்க வேண்டும்.

அதை வாங்கப் பாதி ஊட்டி இப்போது அலுவலக வாசலில் நிற்கிறது. வரிசையில் முதலாவதாக நிற்பவர் பிரைட்டன். தன் வீட்டுக்குத் தானே சான்று எழுதிக்கொள்ளக் கூடாதென்று விதியாம். ஆய்வாளரும் தெருத்தெருவாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அவர் போகிற தெருவிலெல்லாம் நல்ல வெயில் அடிக்கிறது.